ஒரு தாளும் மிஞ்சாத படக்கதைக்காரர்: வன்னியில் உருவான ஒரு சித்திர வாழ்க்கை வரலாறு

படக்கதை கீறிய ஒருவரின் வாழ்க்கையைப் படக்கதையாகவே சொல்ல வெளிக்கிட்டால், முதலில் அவர் கீறியவை கையில் இருக்க வேண்டும். எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், ஏ35 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிராமத்தின் சனசமூக நிலைய வாசிகசாலையில் 16 பக்கங்களில் ஒரு சித்திர வாழ்க்கை வரலாறு உருவானது. அதில் வருபவர் எழுபதை நெருங்கும் ஒரு மனிதர். ஊருக்கு அவர் ‘ஆட்டிஸ்ற்’. கடைப் பலகை எழுதுவது தொழில். 1980களிலும் 90களிலும் கையெழுத்துப் பத்திரிகைகளில் படக்கதை கீறினார். ஊருக்குள் ஓடும் புத்தகத்தில் பெயர் இருக்கட்டும், வெளியில் எழுதும்போது வேண்டாம் என்றார். அதனால் இங்கேயும் ஆட்டிஸ்ற்தான்.

சித்திர பாடம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் நான் கூட நின்றேன். கீறியவர்கள் தரம் 10, 11 பிள்ளைகள். வேலை எப்படிப் போனது, எங்கே இழுபட்டது, எதை ஏன் கீறாமல் விட்டோம் என்பதை எழுதி வைத்தால் இதே வேலையைத் தொடங்கும் வேறொருவருக்கு உதவும்.

முதலில் வந்தது தெசுகா

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் வாசிகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் செங்கல் மொத்தத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. ஜப்பானின் மங்கா (படக்கதை) ஓவியர் ஒசாமு தெசுகாவின் வாழ்க்கை, 900 பக்கங்களுக்கு மேல், முழுக்கப் படக்கதை. கீறியவர் தொஷியோ பான், தெசுகாவிடம் உதவியாளராக இருந்தவர். 1989 பெப்ரவரியில் தெசுகா வயிற்றுப் புற்றுநோயால் இறந்த பின் ஒரு வார இதழில் தொடராக வந்தது. ஆங்கிலத்துக்கு வந்தது 2016இல்.

ஆங்கிலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்தார்கள். படத்தை மட்டும் பாருங்கள், சொல்லைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அதன்பின் புத்தகத்தை அவர்களிடமிருந்து வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. தக்கராசுக்கா என்ற ஊரில் பூச்சி பிடித்துத் திரிந்த பெடியன். வண்டுகளை அச்சு அசலாக வரைந்தவன். ஒரு வண்டின் சிவப்புக்குப் பொருத்தமான நிறம் கிடைக்காமல் தன் இரத்தத்தையே தொட்டுப் பூசினான் என்றும் ஒரு கதை உண்டு. போர்க்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் களவாகக் கீறி, மற்றவர்கள் வாசிக்கட்டும் என்று மலசலகூடச் சுவரில் ஒட்டினான். 1945 யூனில் ஒசாக்காவில் குண்டு விழுந்தபோது காவற்கோபுரத்தில் நின்று தப்பினான். பிறகு மருத்துவம் படித்துப் பட்டமும் பெற்றுக்கொண்டு படக்கதைக்கே போனான்.

குண்டுவீச்சுப் பக்கங்களில் எங்கள் பிள்ளைகள் அதிகம் நிற்கவில்லை. அவர்களைப் பிடித்து நிறுத்தியது சுவரில் ஒட்டிய படம். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. குண்டுக் கதை இங்கே எந்த வீட்டிலும் கேட்கலாம்.

ஒரு மாணவி கேட்ட கேள்விதான் எங்கள் வேலையைத் தொடக்கியது. “சேர், இது அவர் செத்தாப் பிறகு வேறொராள் கீறினதெல்லோ? பிறகேன் அவர் கீறின மாதிரியே கிடக்கு?”

தொஷியோ பானின் கை தெசுகாவின் மேசையில் பழகிய கை. கோட்டின் தடிப்பும் கண்ணின் வட்டமும் ஓடும் காலின் வளைவும் அங்கே படிந்தவை. கதை சொல்லியும் தெசுகாவின் ஆள்தான்: அவருடைய பல கதைகளில் வரும் மீசைக் கிழவர். தெசுகா தன் பாத்திரங்களை நடிகர்களைப் போல வைத்திருந்தார். ஒரு கதையில் துப்பறிபவராக வருபவர் இன்னொன்றில் வாத்தியாராக வருவார். அவர்களில் ஒருவர் முதலாளி இறந்தபின் முதலாளியின் கதையைச் சொல்கிறார். இத்தனையும் முடிந்ததற்குக் காரணம் அச்சேறிய பக்கங்களும் பாதுகாத்து வைத்த மூலங்களும் சிறு வயதுக் கொப்பிகளும் கிடைத்ததுதான். தக்கராசுக்காவில் 1994 முதல் அவருக்கென ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்க முதல் ஒரு பெடியன், “எங்கட ஊரிலயும் ஒராள் இருக்கிறார் சேர், அப்பாவைக் கேட்டால் தெரியும்” என்றான்.

ஆட்டிஸ்ற்

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். இந்தியச் சஞ்சிகைகளுக்கு இங்கே கட்டுப்பாடு இருந்த காலம். கைமாறிக் கைமாறி வந்த ‘இரும்புக்கை மாயாவி’தான் அவருக்கு ஆசான். முகத்தில் பாதியைக் கறுப்பால் மூடி மிச்சத்தை வெள்ளையாக விடும் வித்தையை அதில்தான் படித்தேன் என்றார். அந்த வித்தைக்காரர் பார்சிலோனாக்காரரான யேசுஸ் பிளாஸ்கோ. பிரிட்டிஷ் இதழ் ஒன்றுக்காக 1960களில் அவர் கீறிய தொடர் தமிழாகி, கிளிநொச்சிக் காணிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. ஆட்டிஸ்ற் அந்தப் பெயரை எங்களிடம்தான் முதன்முதலாகக் கேட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாயாவியின் பெயர்.

நகைச்சுவைக்கு அவருக்கு ‘சிரித்திரன்’ சஞ்சிகை இருந்தது. சி. சிவஞானசுந்தரத்தின் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பரை இப்போதும் ஒரே இழுவையில் கீறிக் காட்டுவார். அந்த இதழ்களில் கணிசமானவை இன்று ஈழத்து வெளியீடுகளைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டியபோது மனிதர் கண்ணாடியைத் தேடி உள்ளே ஓடினார். வேறொருவரின் 60களும் 70களும் திரையில் வருகின்றன, இவருடைய 90கள் எங்கேயும் இல்லை. இது எங்களுக்கு உறைக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் ஒரே ஒரு பிரதி. கொப்பித் தாளில் எழுதி, தைத்து, அட்டை போட்டு வீடு வீடாகப் போகும். பின்பக்கத்தில் வாசித்தவர்கள் கருத்தெழுத இடம் விட்டிருப்பார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துச் சனமும் வன்னிக்குள் வந்ததால் வாசகர் கூடினார்கள். தாள்தான் கூடவில்லை. பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெயைக் கொஞ்சமாக விட்டுப் பஞ்சுத் திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கில் இருந்து கீறினார். பேனை மை முடிந்தால் விளக்குக் கரியைப் பசையோடு குழைத்தார். பலகை எழுதும் தூரிகையில் நாலு மயிரை விட்டு மிச்சத்தைக் கத்தரித்துக்கொண்டால் மெல்லிய கோடு வரும். தெசுகாவின் ‘புதிய புதையல் தீவு’ 1947இல் மலிவுத் தாளில் அச்சாகி நாலு இலட்சம் பிரதி வரை போனதாகச் சொல்வார்கள். தாள் மட்டம்தான் இரண்டு பேருக்கும், அச்சு இயந்திரம் ஒருவருக்கு மட்டும் இருந்தது.

அவருடைய பெயரை ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒரு தொடரால். தலைப்பு ஒருவருக்கும் நினைவில்லை. ‘சைக்கிள் பொடியன் கதை’ என்பார்கள். ஒரு பெடியனிடம் பழைய சைக்கிள் இருக்கிறது. பின்பக்கமாக மிதித்தால் நாள் பின்னோக்கிப் போகும்.

எப்படித் தொலைந்தது

ஒரே நாளில் தொலையவில்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது முதற் கட்டு போனது. ஒரு இதழ் வாசிக்கக் கொடுத்த வீட்டோடு போனது. சமாதான காலத்தில், அதாவது 2002க்குப் பின், மிச்சத்தைச் சேர்த்து ஒரு யூரியாப் பையில் போட்டு வைத்திருந்தார். 2009 தொடக்கத்தில் அதைப் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில் தாட்டார். மீள்குடியேறிய பின் போய்ப் பார்த்தபோது அடையாளத்துக்கு வைத்த மரமும் இல்லை, வளவின் எல்லையும் இல்லை. கொஞ்சத்தை அவரே எரித்துமிருக்கிறார். ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். “படம் ஏதும் கையில கிடந்தால் கேள்வி வரும் எண்ட பயம் தம்பி. என்ன படம் எண்டு ஆர் பாக்கப் போகினம்?” அதற்கு மேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எறிகணையும் மழையும் தின்றவற்றைச் சொல்வது லேசு. சனம் தன் கையாலேயே அழித்தவற்றைப் பற்றி இங்கே ஒருவரும் எழுதுவதில்லை. புத்தகத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம் விட்டோம்: அடுப்பு, தாள், கை. முகம் இல்லை.

சாட்சிகளும் ஒரு தகரமும்

மூலம் இல்லாவிட்டால் வாசகர்தான் மூலம். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சைக்கிள் பொடியன் கதையைக் கேட்டு எழுதினார்கள். தொடக்கம் எல்லோரிடமும் ஒன்றாக இருந்தது. முடிவு ஆளுக்கொன்று. இடம்பெயர முதல் நாளுக்குப் போய் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தான் என்றார் ஒருவர். இல்லை, செயின் அறுந்து அங்கேயே நின்றுவிட்டான் என்றார் ஒரு அம்மா. கடைசியில் சைக்கிளை விற்று அரிசி வாங்கினான் என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஆட்டிஸ்றைக் கேட்டால், “நான் அதை முடிக்கவே இல்லையே” என்கிறார்.

என் பார்வையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து இதுதான். தெசுகாவுக்கு அவருடைய பக்கங்கள் சாட்சி. இவருக்கு, முடியாத கதையைத் தங்கள் தங்கள் இழப்புக்கு ஏற்ற மாதிரி முடித்து வைத்திருக்கும் சனம் சாட்சி. மூன்று முடிவுகளையும், சொன்னவரின் முகத்தோடு, பக்கத்துக்கொன்றாகக் கீறினோம். எது சரி என்று புத்தகம் சொல்லவில்லை.

பிறகு தகரம் வந்தது. அவரிடம் பலகை எழுதப் பழகிய ஒருவர் இப்போது கிளிநொச்சியில் டிஜிட்டல் பிரின்டிங் கடை வைத்திருக்கிறார். பழைய சைக்கிள் கடைப் பலகை ஒன்று, மீள்குடியேற்ற நேரம் தற்காலிகக் கொட்டிலுக்குச் சுவராக அடிக்கப்பட்டதைக் கண்ட ஞாபகம் அவருக்கு இருந்தது. தேடிப் போனபோது அந்தக் கொட்டில் குசினியாகி, எழுத்துப் பக்கம் உள்ளே பார்த்தபடி புகை பிடித்து நின்றது. வீட்டுக்காரி ஈரத் துணியால் துடைத்துவிட்டார். கறள் பிடித்த விளிம்பு, பாதி அழிந்த கடைப் பெயர், மூலையில் குனிந்து மிதிக்கும் ஒரு பெடியன்.

கதை வாசித்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒன்றும் சொல்லாமல் காட்டினோம். இரண்டு பேரும், “இவன் அவனெல்லோ” என்றார்கள். தெசுகா தன் பாத்திரங்களை நடிகர்களாக வைத்திருந்ததைப் போல ஆட்டிஸ்றும் தன் பெடியனைக் கடைப் பலகையில் நடிக்க விட்டிருக்கிறார். கேட்டதற்குச் சிரித்தார். கூலி ஒன்று, ஆள் ஒன்று, ஏன் புதிதாக யோசிக்க வேண்டும் என்றார். தொடரைக் கீறிய கையிலிருந்து மிஞ்சியது அந்த ஒரு சாண் உருவம் மட்டும். பெடியனின் முகம், தொப்பி, முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் பிள்ளைகள் அதிலிருந்தே எடுத்தார்கள்.

திரும்பக் கீறலாமா?

பெரிய இழுபறி இதில்தான். தொலைந்த பக்கங்களைத் தானே திரும்பக் கீறித் தருகிறேன் என்றார் ஆட்டிஸ்ற். பிள்ளைகள் துள்ளினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆள் அவர்தான், கதையும் அவருடையது. ஆனால் 90களில் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் கீறிய கோட்டை இன்றைக்கு எல்ஈடி பல்புக்குக் கீழே, நடுங்கும் விரலோடு, ஜெல் பேனையால் கீற முடியாது. அதை ‘அவருடைய பழைய பக்கம்’ என்று போட்டால், பத்து வருடத்தில் ஊரே அதைத்தான் பழையது என்று நம்பும்.

தெசுகாவுக்கே இது நடந்திருக்கிறது. ‘புதிய புதையல் தீவின்’ மூலப் பக்கங்கள் இல்லாத நிலையில், 1980களில் தன் முழுத் தொகுப்புக்காக அதை முதலிலிருந்து புதிதாகக் கீறினார். பதின்ம வயதில் செய்ததை ஐம்பது தாண்டியபின் செய்தார். வந்தது வேறொரு புத்தகம்: கட்டங்கள் மாறின, ஓட்டமும் மாறியது. தொகுப்பை வாங்கிய வாசகர்களுக்குக் கிடைத்தது அந்தப் புதியதுதான். 1947 பதிப்பு அப்படியே மறுபதிப்பாக வந்தது 2009இல். பழைய பிரதிகள் எங்கேயோ மிஞ்சியிருந்ததால்தான் அதுவும் முடிந்தது. எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு உதாரணம் உண்டு. சொனி லியூ 2015இல் சிங்கப்பூரில் ஒரு படக்கதைக்காரரின் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். சார்லி சான் ஹொக் சை என்ற அந்த ஓவியரே கற்பனை. பழுப்பேறிய தாள், பழைய பாணிகள், பாதியில் நின்ற கீறல்கள் எல்லாமே லியூவின் கைவேலை. நாட்டின் வரலாற்றை வேறு விதமாகச் சொன்னதால் அரசின் கலைச் சபை 8,000 சிங்கப்பூர் டொலர் உதவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017இல் படக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று கிடைத்தன. அருமையான புத்தகம். ஆனால் அதில் ஆளே கற்பனை, போலி ஆவணத்தால் உண்மையான ஒருவருடைய வரலாறு மாறவில்லை. இங்கே ஆள் உண்மை, அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். உண்மையான ஆளுக்குப் போலி ஆவணம் செய்து கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

கடைசியில் தீர்த்தது ஆட்டிஸ்ற்தான். “சரி, நான் கீறுறன். கீழ இண்டையான் திகதியைப் போடுங்கோ. பலகையிலயும் நான் திகதி போடுறனான்.” அப்படியே இரண்டு பக்கம் கீறினார், திகதியோடு. மற்ற இடங்களில் கட்டத்தை மட்டும் அடித்து உள்ளே வெறுமையாக விட்டு, அந்தக் கட்டத்தில் என்ன இருந்ததென்று யார் சொன்னார்களோ அவர்களின் பேச்சைக் கீழே எழுதினோம். வெறுங் கட்டங்களைப் பார்த்து, அச்சுப் பிழையா என்று கேட்டவர்களும் உண்டு.

கைவேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு ஏ4 தாளை இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி அடித்து நடுவில் மடித்தால் 16 பக்கம். பென்சில் நிழல் கொப்பியில் திட்டுத் திட்டாக விழும். ஆகவே கறுப்பு அல்லது வெள்ளை, இடையில் வேண்டுமென்றால் கோட்டு நிழல். இதில் இரும்புக்கை மாயாவி கைகொடுத்தார். மடித்த பக்கத்துக்கு ஆறு கட்டத்துக்கு மேல் தாங்காது. தமிழ்ச் சொல் நீளம். ஒடுக்கமான பேச்சுக் குமிழுக்குள் திணித்தால் ஒரு சொல் மூன்றாக உடையும், சின்ன எழுத்தில் புள்ளியும் சுழியும் கொப்பியில் அடைபட்டுப் போகும்.

பிள்ளைகள் ஆளைக் கீறிவிட்டுக் குமிழுக்கு இடம் தேடினார்கள். ஆட்டிஸ்ற் அதைத் தலைகீழாக்கினார்: “முதல்ல எழுத்தை வை பிள்ளை. மிஞ்சின இடத்தில ஆளை நிப்பாட்டு.” பலகை எழுத்தாளரின் புத்தி. எழுதுகோலைத் தொட்ட நாள் முதல் நான் படித்ததும் படிப்பித்ததும் நேர்மாறு. அவர் சொன்னபடி செய்த பக்கங்கள்தான் வாசிக்கச் சுகமாக வந்தன.

வாழ்நாள் முழுக்க மேசையில் குனிந்திருக்கும் மனிதரைப் பக்கம் பக்கமாகக் கீறினால் அலுக்கும் என்ற பயமும் இருந்தது. தொஷியோ பான் மீசைக் கிழவரை உலாவ விட்டுத் தப்பினார். நாங்கள் சைக்கிள் பெடியனைக் கதை சொல்லி ஆக்கினோம். அவன் பின்பக்கமாக மிதித்துக்கொண்டே ஆட்டிஸ்றின் வாழ்க்கைக்குள் போகிறான். யோசனை ஒரு தரம் 10 மாணவனுடையது.

கீறாமல் விட்டது

2009 பற்றி ஆட்டிஸ்ற் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒன்றும் வேண்டாம். சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் வன்னியில் என்ன வாழ்க்கை வரலாறு என்றார்கள். அந்த மாதங்கள் படக்கதையாக ஏற்கெனவே வந்திருக்கின்றன, ஐ.நா.வில் பணியாற்றிய பென்ஜமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொலொக் வரைந்து 2019இல் வெளியான ‘வன்னி’ தப்பியவர்களின் வாக்குமூலங்களில் நிற்கிறது. அந்தப் பாரத்தை எங்கள் 16 பக்கமும் சுமக்கத் தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. தன் வாழ்க்கையில் எதைப் படமாக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை, அதுவும் படம் கீறியே வாழ்ந்தவருக்கு, இருக்கத்தான் வேண்டும். யூரியாப் பையைத் தாட்ட பக்கத்துக்கு அடுத்தது செட்டிகுளம் முகாம்: தறப்பாள் பள்ளிக்கூடத்துக்கு அவர் அ, ஆ எழுதுகிறார்.

அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது என்று பேசியபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனனின் 2011ஆம் ஆண்டு நூல் நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறித் தந்தவை அதில் இருக்கின்றன. பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு வழியை. ஆட்டிஸ்றிடம் பை தாட்ட வளவைக் கீறித் தரச் சொன்னார்கள். கிணறு, வேலி, பாலை மரம், ஒரு புள்ளடி. அது நடுப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

அக்கா

புத்தகம் வெளிவந்து ஊருக்குள் சுற்றத் தொடங்கிய பிறகுதான் ஆட்டிஸ்றின் அக்கா வாசிகசாலைக்கு வந்தார். எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். “படம் வடிவாய்த்தான் கிடக்கு. குமிழுக்குள்ள எழுதினது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே?”

கையெழுத்துப் பத்திரிகையில் கையெழுத்து அவருடையது. தம்பி கட்டம் அடித்துப் படம் போட, குமிழுக்குள் எழுதியது அக்கா. நீளமான வசனத்தைச் சுருக்கியதும் அவர்தான். தெசுகா புத்தகத்தில் உதவியாளர்கள் ஒரு பட்டாளமாக வருவதைப் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் இங்கே அப்படி ஒராள் இருந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. சொன்ன சாட்சிகளில் ஒருவரும் அவரைச் சொல்லவுமில்லை; வாசகருக்குப் படம் நினைவிருக்கிறது, எழுத்து நினைவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு நாலு பக்கம் கூடுகிறது, அதாவது இன்னொரு ஏ4. அதில் அக்காவின் பக்கத்துக் கதை வரும், எழுத்தும் அவர் கையாலேயே. அட்டையில் இரண்டு பெயரும் போவதற்கு ஆட்டிஸ்ற் சம்மதித்துவிட்டார். பின்பக்கமாக மிதித்தால் நாள் திரும்பும் என்ற யோசனை யாருடையது என்பதில்தான் இரண்டு பேரும் இன்னும் ஒத்துவரவில்லை. ஆளுக்கொரு பக்கம் கொடுத்து, இரண்டையும் திகதியோடு போடுவதென்று பிள்ளைகள் முடிவெடுத்திருக்கிறார்கள்.